ஒளியின் நிறமும் விரைவும்

சிவகாசியிலே இராக்காலத்து வாணம் எழுதலை ஒரு கிலோமீட்டர் சேய்மையில் நின்று காண்பார்க்கு, வெடியின் ஓசை ஏறத்தாழ 3 நொடி பிந்தியே கேட்கும். ஆனால் அவ்வாணத்திற் சிதறும் செம்மையும் பசுமையும் நீலமும் முன்பின் தோன்றாது ஒருங்கே கண்ணை எய்தும். ஸ்டிரான்சிய உப்புச் செம்மையையும், செம்பு நீலத்தையும், சோடியம் மஞ்சளையும் தருவன. பசுமை தருவது பேரிய உப்பு. அதனை வாணங்களிற் கலத்தலை உச்ச நீதிமன்றம் 2018-ல் விலக்கியது. இங்ஙனம் பிறப்பிடம் வேறாய நிறங்கள் செல்லும் விரைவும் வேறாமோ என்னும் வினாவை ஈண்டு ஆராயப் புகுகின்றாம். இது பௌதிக நூலார்க்கே உரிய வினாப்போலத் தோன்றினும், உயிர்களின் ஏற்றத்தாழ்வு பற்றிய நம் சமய வினாவுக்கும் விளக்கந் தருவதாம்.

நிறங்கள் விரைவில் வேறுபடுமாயின், வியாழனின் துணைக்கோள் அக்கோளின் நிழலினின்றும் வெளிப்படுங்கால் விரைவுமிக்க நிறமே முதற்கண் தோன்றுதல் வேண்டும். இதனை உளங்கொண்டு நியூட்டன் 1691-ல் வானநூல் வல்ல பிளாம்ஸ்டீடை வினவினர். அவர் அத்தகைய நிறமாற்றம் எதனையுங் கண்டிலர். அண்மையில், 2009-ஆம் ஆண்டு மே மாதம், 700 கோடி ஆண்டுகட்கு மேல் வழிவந்த காமாக் கதிர்வெடிப்பொன்றைப் பெர்மி விண்தொலைநோக்கி பதிவு செய்தது. ஆற்றலில் மிகப் பெரிதும் வேறுபட்ட அதன் கதிர்கள் ஒரு நொடியளவினுள்ளே வந்து சேர்ந்தன. ஆகலின், வெற்றுவெளியில் எந்நிறத்துக்கும் விரைவு ஒன்றே என்பது துணிபு. அது நொடிக்கு 299,792 கிலோமீட்டர்க்குச் சிறிது மிகும்.

அவ்வொளி கண்ணாடியினுள் நுழைந்த வழி நிலை வேறாகின்றது. முக்குக் கண்ணாடிக்குப் பயன்படும் ஒருவகைக் கண்ணாடியில் செந்நிறம் நொடிக்கு ஏறத்தாழ 1,98,000 கிலோமீட்டரும், ஊதா 1,96,000 கிலோமீட்டருமே செல்லும். கண்ணாடியிலுள்ள மின்னணுக்கள் ஒளியின் அசைவால் தாமும் அசைந்து அதனைத் தாழ்க்கின்றன. அவற்றின் இயல்பான அசைவுக்கு அணித்தாய அசைவுடைய ஊதா மிகுதியுந் தாழ்கின்றது; அதனாலேயே மிகுதியும் வளைகின்றது. கண்ணாடியைக் கடந்து வெளியுற்றதும் எல்லா நிறமும் தம் பழைய விரைவையே மீளப் பெறுகின்றன. ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. புகும்போதும் புறப்படும்போதும் செம்மை செம்மையே, ஊதா ஊதாவே. மாறியது விரைவு, மாறாதது நிறம்.

இனி, இதனை நம் சித்தாந்தத்தோடு வைத்து நோக்குவாம். விஞ்ஞானகலர், பிரளயாகலர், சகலர் என உயிர்கள் மூவகைப்படுதல் மலத்தின் தொகை பற்றியேயன்றி உயிரியல்பு பற்றியன்று. தனு கரண புவன போகங்களாகிய சார்பினுள் நின்றவழி ஓருயிர் முந்தவும் ஓருயிர் பிந்தவுங் காண்கின்றாம். சார்பு நீங்கி அருள்வெளியில் நின்றவழி முந்துதலும் பிந்துதலும் இல. ஆயினும் உயிர்கள் தம்முள் ஒன்றாய்க் கரைந்தொழிதலும் இல. முத்தியினும் உயிர் பலவே என்பதும், ஆண்டு உயர்வு தாழ்வு இல்லை என்பதும் தம்முள் முரணா என்பதற்கு, நிறம் வேறாகவே விரைவு ஒன்றாய ஒளி நல்லதோர் உவமையாம். உவமை ஒருபுடை ஒப்பே. பௌதிக நூல் நம் கொள்கைக்குச் சான்றாயிற்று என மகிழ்தல் அறிவுடைமையன்று.

இவ்வுவமையே நம்மை இடித்துரைப்பதும் உண்டு. கண்ணாடியைக் கடந்த ஊதா விரைவில் ஒத்ததாயினும், உள்ளே இழந்த தூரத்தை மீளப் பெறுவதில்லை, பிந்தியது பிந்தியதே. காசி விசுவநாதர் எழுந்தருளிய சிவகாசியில் நாடார் குலத்தாரின் கோயில் நுழைவுரிமை பற்றிய பிணக்கு 1899-ல் பெருங்கலகமாய் மூண்டது. உயிர்களும் மனைகளும் அழிந்தன. கமுதிக் கோயில் வழக்கோ, 1908-ல் பிரிவி கவுன்சில் அவர்க்கு உரிமையில்லை எனத் தீர்ப்பளிக்க முடிந்தது. மதுரை மீனாட்சியம்மை திருக்கோயில் வாயில் 1939 ஜூலை 8-ஆம் நாள் அரிசனங்களுக்குத் திறந்தது. வாயில் திறந்தபின் எல்லார்க்கும் வழி ஒத்ததே. ஆயினும் 1899-ல் புறத்தே நின்றோருட் பலர் அந்நாளைக் காணாதே மறைந்தனர். அவர் இழந்ததை எச்சட்டம் ஈடுசெய்யும்?

அற்றேல், அவர் பிந்தியது அவர்தம் வினைப்பயன் அன்றோ எனின், கூறுதும். வினைப்பயனை உயிர்க்கு ஊட்டுவோன் இறைவன். அவ்வினைக் கணக்கு நம் கையில் இல்லை. பிறர் வினையை அறியாத நாம் அவர் முன் கதவடைத்துவிட்டு, ‘இஃது உன் வினை’ என்பது, இறைவன் தொழிலை நாம் மேற்கொண்டு அதன் பழியையும் அவன்பால் ஏற்றுவதாம். அடைத்தல் அடைத்தான் செய்த புதுவினை. அவனுக்கு ஆகாமியமாய் ஏறுவது. பிறர் துன்பத்தை அவர் வினை என்று கூறி வாளா இருத்தலும் அத்தகையதே. பட்டாசுச் சாலையில் தீப்பட்டு மாய்ந்தாரையும் அங்ஙனம் கூறிக் காப்பின்மையை மறைத்தல் தகாது. வினைக்கொள்கை தன் துன்பத்தைப் பொறுத்தற்கு உரியது. பிறர் துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளற்கு உரியதன்று.

ஆகலின், திருமடங்களிலும் அவைகளிலும் அருள் யாவர்க்கும் ஒன்றே என்று விரித்துரைக்கும் நாம், யாரையேனும் தாழ்க்குங் கண்ணாடியாய் நாமே நிற்கின்றோமோ என்று நம்மை வினவிக்கொள்ளல் வேண்டும். வெளி யாரையுந் தாழ்ப்பதில்லை.