எதிரியின் படகில்

1981-இல் வெளியான ‘தாஸ் பூட்’ என்ற ஜெர்மன் படம் ஒரு கணக்கோடு தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளில் போன 40,000 ஜெர்மானியர்களில் 30,000 பேர் திரும்பவில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் திரையிடலில் இதைப் படித்ததும் அரங்கம் கைதட்டியதாம். செத்தது எதிரிதானே! படம் முடிந்தபோது அதே கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது என்று இயக்குநர் வொல்ஃப்காங் பீட்டர்சன் சொல்லியிருக்கிறார். ஆறு ஆஸ்கர் பரிந்துரைகளும் வந்தன. இரண்டரை மணி நேரத்தில் எதிரி எங்கே போனான்?

மனித உணர்வு எல்லோருக்கும் பொது என்று சொல்லி நகர்ந்துவிடலாம். எனக்கு அது போதவில்லை. நீர்மூழ்கிக்கு ஜன்னல் கிடையாது. பகைவன் ஒரு சத்தமாக மட்டுமே வருகிறான். மேலே போர்க்கப்பல் தேடும் ஒலி, பிறகு வெடிகுண்டு, பிறகு ஆழத்தின் அழுத்தம் தாங்காமல் தெறிக்கும் திருகாணிகள். அந்த இரும்புக் குழாய்க்குள் மூச்சுக்குத் தவிப்பவன் எந்த நாட்டவன் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. போதாததற்குக் கேப்டன் ஆங்கிலப் பாட்டு ஒன்றின் இசைத்தட்டைப் போடச் சொல்கிறார். மாலுமிகள் சேர்ந்து பாடுகிறார்கள். நாஜிக் கொள்கை முழுவதையும் ஒரே ஓர் அதிகாரியின் தலையில் கட்டிவிட்டு, மற்றவர்களை அவனைக் கேலி செய்ய விட்டுவிடுகிறது படம். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு.

ஜெர்மனியிலும் கூட்டம் வந்தது. ஆனால் அங்கே படகுக்குள் நிம்மதியாக உட்கார முடியவில்லை. ஹிட்லரின் படையினரை வீரர்களாக்குவதா என்ற கேள்வியும் எழுந்தது. போர் நிருபராக அப்படியொரு படகில் சென்று, பின்னர் மூல நாவலை எழுதிய புக்ஹைமுக்கே படம் பிடிக்கவில்லை. படகு அட்லாண்டிக்கில் ஏன் இருந்தது என்பது அவர்கள் வீட்டுக் கேள்வி. வெளிநாட்டு ரசிகரிடம் போரின் பயம் முழுதாக வந்து சேருகிறது, காரணம் மட்டும் எல்லையிலேயே நின்றுவிடுகிறது. அயல்நாட்டுப் போர்ப்படம் நம்மை இவ்வளவு எளிதாக அழவைப்பது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

நடுவில் ஒரு காட்சி இதைக் கலைக்கப் பார்க்கிறது. தாக்கப்பட்ட எண்ணெய்க் கப்பல் இரவில் எரிகிறது. அதில் ஆட்கள் இன்னும் இருப்பது தெரிந்து கேப்டன் அதிர்கிறார். கடலில் குதித்தவர்கள் படகை நோக்கி நீந்தி வருகிறார்கள். அவர் படகைப் பின்னே செலுத்தச் சொல்கிறார். அவர்களுக்குப் பெயரில்லை. பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் அன்று ஆயிரக்கணக்கான இந்திய மாலுமிகள் வேலை செய்தார்கள். 1940 செப்டம்பரில் ஒரு ஜெர்மன் நீர்மூழ்கி ‘சிட்டி ஆஃப் பனாரஸ்’ கப்பலை மூழ்கடித்தபோது, போருக்குத் தப்பிக் கனடா போய்க்கொண்டிருந்த 90 குழந்தைகளில் 77 பேர் மாண்டார்கள். ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர். அவர்களிலும் பலர் கரை சேரவில்லை. படம் பார்க்கும் இந்தியர், நீந்தி வருபவன் தன் ஊர்க்காரனாக இருக்கலாம் என்ற நினைப்பே இல்லாமல், படகு தப்ப வேண்டுமே என்று பதறிக்கொண்டிருப்பார். நானும் பதறியவன்தான்.

கடைசியில் படகு பிரான்சின் லா ரோஷெல் துறைமுகத்துக்கு வந்து சேர்கிறது. நேச நாட்டு விமானங்கள் குண்டு போடுகின்றன. படகு மூழ்குவதைப் பார்த்தபடியே கேப்டன் சாகிறார். போர்க்காலத்து லண்டன்வாசி அந்தக் குண்டுகள் குறிதவறக் கூடாது என்று வேண்டியிருப்பார். லாஸ் ஏஞ்சலிஸ் அரங்கில் இருந்தவர்களோ, தங்கள் தகப்பன்மார் தரப்பில் பறந்த விமானங்களை நொந்துகொண்டு எழுந்து நின்றிருக்கிறார்கள்.