பண்டமாற்றா, அறமா?

அண்டை நிலத்தாரின் நடவுக்கு ஆள் அனுப்பித் தம் நடவுக்கு ஆள் பெறுவதும், ஒருவருடைய உழவு இயந்திரம் முறைவைத்துப் பல வயல்களில் இறங்குவதும் அறத்தின்பாற்படுமா, அன்றி வெறும் பண்டமாற்றாகவே நின்றுவிடுமா என்னும் வினா, விளைநிலம் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகச் சுருங்கிவிட்ட சிங்கப்பூரில் வாழும் நமக்கும் உரியதே. தைப்பொங்கலுக்கு லிம் சூ காங் பண்ணையிலிருந்து வரும் மாடுகள் கொட்டகையில் நிற்க, குழந்தைகள் தயங்கித் தயங்கி அவற்றின் நெற்றியைத் தடவிப் பார்க்கிறார்கள். ஞாயிற்றுக்கும் கால்நடைக்கும் நன்றி செலுத்தும் நாம், உழவர் ஒருவருக்கொருவர் பட்ட கடனை எண்ணிப் பார்ப்பதில்லை.

மறுமைப் பயன் கருதி அறம் செய்பவன் வணிகனே என்னும் கருத்துத் தோன்ற, வள்ளல் ஆய் அத்தகையவன் அல்லன் என்று புலவர் முடமோசியார் புறநானூற்றில் போற்றினார். வள்ளுவரும் ஒப்புரவு கைம்மாறு வேண்டாதது என்றார். கீதையின் மூன்றாம் அத்தியாயமோ, தேவரும் மானிடரும் பரஸ்பரம் பேணி வளர்வதை யக்ஞம் என்னும் வேள்வியோடு இணைத்துச் சிரேயஸ் என்னும் மேலான நன்மைக்கு வழியாகக் காட்டுகிறது. இவை முரண்படுவனபோல் தோன்றினும், வரப்பில் நின்று பார்ப்பவனுக்கு முரண் இல்லை. அரைக்காணிக்காரனின் நடவு ஒரு பொழுதில் முடிய, மூன்று காணிக்காரனின் நடவு நாட்கணக்கில் நீளும். மணிக்கு மணி ஈடு கேட்டால் அது வியாபாரம், மழைக்கு முன் அவன் வயல் நிரம்பவேண்டுமே என்ற கவலையோடு இறங்கினால் அது தர்மம். உதவி திரும்பி வருவதால் அறம் குறைவதில்லை. திரும்பி வரவேண்டும் என்று நிபந்தனை விதிப்பதாலேயே குறைகிறது. மேலும், தானத்தில் பெறுபவன் கூசி நிற்க நேரலாம். பரஸ்பர உதவியிலோ, இன்று பெறுபவன் நாளை கொடுப்பவன் ஆதலால், எவருடைய மானத்துக்கும் பங்கம் இல்லை.

கம்பத்து நாட்களில் மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் கோத்தோங் ரோயோங் என்னும் கூட்டுழைப்பில் கூடி வடிகால் தோண்டியதும், 2005இல் சங்கமாகச் சேர்ந்த கிராஞ்சிப் பண்ணையாளர், ரயில் நிலையத்திலிருந்து பல பண்ணைகளையும் சுற்றிவரும் ஒரே பேருந்தைப் பொதுவில் நடத்தியதும் இந்த நெறியின் வழிவந்தவையே. 2020இல் லிம் சூ காங்கின் ஏறத்தாழ 390 ஹெக்டர் நிலத்துக்குத் திட்டம் வகுக்க முற்பட்ட சிங்கப்பூர் உணவு அமைப்பும், பண்ணைகள் பகிர்ந்துகொள்ளும் பொது வசதிகளைப் பற்றிப் பேசியது. வசதிகளை அரசு அமைத்துத் தரலாம். கணக்குப் பாராத மனத்தை அண்டை வீட்டார்தாம் வளர்க்கவேண்டும். வயல் இல்லாவிடினும் அண்டை வீடு நமக்கு உண்டு. அங்கே கொடுத்ததையும் பெற்றதையும் எண்ணாமல் உதவப் பழகுவோமாக.