‘பரவாயில்லை’ என்ற இடம்

ஒரு படைப்பு மோசமானதென்றால் எவராவது சொல்லிவிடுவார். சராசரியாக இருக்கும்போதுதான் சிக்கல். அதில் பிழை காண முடியாது, கைதட்டலும் கிடைக்கும். அப்படியிருக்க, அதை ஒருவன் ஏன் மறுக்க வேண்டும்? இது இரசனை பற்றிய கேள்வி மட்டுமல்ல, நேர்மை பற்றியதும்தான் என்று நான் எண்ணுகிறேன்.

யூசுப் இஸ்லாமை நம்மில் பலர் தாடியும் தொப்பியுமாகவே அறிவோம். நான் சொல்ல வருவது அவர் கெட் ஸ்டீவன்ஸாக இருந்த காலம் பற்றி. 1967 இல், பதினெட்டு வயதில், ‘மெத்யூ அண்ட் சன்’ என்ற பாடல் பிரித்தானியத் தரவரிசையில் இரண்டாம் இடம்வரை ஏறியது. வாத்தியங்கள் நிறைந்த, கம்பனிக்குப் பிடித்த பொப் பாடல். அதே ஆண்டின் இறுதியில் வந்த இரண்டாவது இசைத்தட்டு தோற்றது. பிறகு காசநோய். மாதக்கணக்கில் வைத்தியசாலை, அதன்பின் நீண்ட ஓய்வு. அந்த ஓய்வில் சமயங்களைப் பற்றி வாசித்தார், பாடல்கள் எழுதினார்.

1970 இல் ‘மோனா போன் ஜேகன்’ வெளிவந்தபோது பழைய ஆரவாரம் போயிருந்தது. கிற்றார், அடக்கமான தாளம், மறைக்க ஏதுமில்லாத குரல். பொப் நட்சத்திரமாகும் ஆசையையே பரிகசிக்கும் பாடலொன்றும் அதிலுண்டு. நோய்தான் அவரைக் கலைஞனாக்கியது என்று சொல்வது சுலபம். நோயிலிருந்து எழுந்து பழையதையே செய்பவர்கள் ஏராளம். நோய் அவருக்குத் தந்தது ஒன்றே ஒன்று என்பேன்: அடுத்த பாடல் எங்கே என்று கேட்டு எவரும் வாசலில் நிற்காத சில மாதங்கள்.

அதே ஆண்டில் வந்த ‘டீ ஃபோர் த டில்லர்மன்’ தொகுப்பிலுள்ள ‘ஃபாதர் அண்ட் சன்’ பாடலைக் கேளுங்கள். ரஷ்யப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட, மேடையேறாமலே போன ஓர் இசைநாடகத்துக்காக எழுதப்பட்டது அது. வீட்டைவிட்டுப் புறப்படத் துடிக்கும் மகன், பொறுத்திரு என்னும் தகப்பன். இருபத்திரண்டு வயது இளைஞன் மகனின் பக்கம் சாய்ந்திருந்தால் யார் குறை சொல்லியிருப்பார்? இளைஞர்கள்தானே இசைத்தட்டு வாங்கினார்கள். ஆனால் தகப்பனின் பேச்சு முட்டாள்தனமாக இல்லை. தாழ்ந்த குரலில், அன்போடு, தன்னளவில் சரியாகவே பேசுகிறார். தான் உடன்படாத மனிதனுக்கும் நல்ல வரிகளைக் கொடுப்பது கடினமான வேலை. சராசரிப் படைப்பு தட்டிக்கழிப்பது இந்த வேலையைத்தான்.

1977 இல் அவர் இஸ்லாத்தைத் தழுவினார். 1978 இல் ஒரு தொகுப்பு, அத்தோடு பொப் இசையை விட்டார். மீண்டும் அவ்வழியில் ஒரு தொகுப்போடு வந்தது 2006 இல், ‘அன் அதர் கப்’ மூலம். இடைப்பட்ட மௌனத்தையே சராசரித்தனத்துக்கு எதிரான பெரும் மறுப்பாகப் புகழும் நண்பர்கள் எனக்குண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் நிறுத்தியது இசை ஆகுமானதா என்ற கேள்வியால். பாடல் நன்றாக வந்ததா என்ற கேள்வியால் அல்ல. இரண்டையும் குழப்புவதால்தான் நம்மிடையே ஒரு வசதியான வழக்கம் வளர்ந்திருக்கிறது. விடயம் உன்னதமானதென்றால் கவிதையின் நொண்டல் மன்னிக்கப்படுகிறது. வெளியீட்டு விழாவில் பொன்னாடையும் விழுகிறது. நிய்யத் சுத்தமாக இருப்பதால் மெட்டு சரியாகிவிடாது. இஹ்ஸான் என்ற சொல்லை வணக்கத்துக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, எழுதிய வரியை இரண்டாம் முறை பாராமல் அச்சுக்கு அனுப்புகிறோம்.

2020 இல், எழுபத்திரண்டு வயதில், அந்த ‘டில்லர்மன்’ தொகுப்பு முழுவதையும் அவர் மீண்டும் பாடி வெளியிட்டார். அதிற் சில பாடல்கள் அவசியமற்றவை என்பது என் அபிப்பிராயம். ஆனால் ‘ஃபாதர் அண்ட் சன்’ வேறு. மகனுக்கு 1970 இல் லொஸ் ஏஞ்சலிஸ் மேடையொன்றில் பதிவான தன் இளங்குரலையே வைத்து, தகப்பனை மட்டும் முதிய குரலில் பாடியிருக்கிறார். ஐம்பது வருடம் கழித்தும் மகன் அவசரப்படுகிறான், தகப்பன் பொறுக்கச் சொல்கிறார். இருவரும் இன்னும் உடன்படவில்லை.