கல் கறுக்கும் காலம்

ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஃப்ராவென்கிர்ஷே தேவாலயத்துக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அந்தக் கறுப்புக் கற்கள்தான். வெளிறிய மஞ்சள் சுவரில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, எந்த ஒழுங்குக்கும் அடங்காமல் பதிந்திருக்கின்றன. ஒரு பக்கத்தில் மட்டும் அடியிலிருந்து மேல்வரை ஒரு பெரிய பகுதி முழுக்கக் கறுப்பு.

நான் அங்கே நின்றபோது ஓர் அப்பா தன் சின்ன மகளைத் தூக்கிப் பிடித்தார். அவள் ஒரு கறுப்புக் கல்லில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். பிறகு கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். கரி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்திருப்பாள். ஒன்றும் ஒட்டவில்லை. அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவர் ஒன்றும் சொல்லாமல் அவளை இறக்கிவிட்டார். நடந்தது அவ்வளவுதான். அந்தக் குழந்தை தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்த விதம் மட்டும் என்னை விடமாட்டேன் என்கிறது.

1743-ல் கட்டி முடிக்கப்பட்ட தேவாலயம் அது. கல்லாலேயே கட்டிய அதன் குவிமாடத்தில் 1760-ல் பிரஷ்யப் படையின் பீரங்கிக் குண்டுகள் பட்டுத் தெறித்து விழுந்தன என்பார்கள். 1945 பிப்ரவரி 13 இரவு தொடங்கிய பிரிட்டிஷ், அமெரிக்க விமானத் தாக்குதலில் ஊர் பற்றி எரிந்தபோதும் அது உடனே விழவில்லை. 15-ஆம் தேதி காலையில், வெப்பத்தில் வலுவிழந்த தூண்கள் தாங்காமல் சரிந்தது. கிழக்கு ஜெர்மனி இருந்தவரை அந்தக் கற்குவியல் போரின் நினைவாக அப்படியே கிடந்தது. 1994-ல் மறுபடி கட்டத் தொடங்கி, 2005 அக்டோபர் 30-ல் திறந்தார்கள். குவியலிலிருந்து எடுத்த கற்களை அளந்து, படமெடுத்து, எண் போட்டு, எது எங்கே இருந்தது என்று கணினியின் துணையோடு தேடினார்கள். பழைய கற்களில் 3,500-க்கும் மேற்பட்டவை சுவருக்குத் திரும்பின. அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கறுப்பாகத் தெரிபவை அவைதான்.

கறுப்பு என்றால் தீப்பட்டது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் அந்த நினைப்போடுதான் தொட்டேன். ஆனால் அது எல்பே ஆற்றோரத்து மணற்கல். பீர்னா என்ற ஊரை ஒட்டிய குவாரிகளில் வெட்டும்போது வெளிறிய மஞ்சளாக இருக்கும். வருடங்கள் போகப்போகக் கல்லில் உள்ள இரும்பும் காற்றில் வரும் தூசியும் சேர்ந்து அதைக் கறுக்கவைக்கின்றன. போருக்கு முன்பு எடுத்த படங்களிலும் இந்தத் தேவாலயம் கறுத்துத்தான் இருக்கிறது. குழந்தையின் கையில் கரி ஒட்டாததற்குக் காரணம் இதுதான். அவள் தொட்டது பெரும்பாலும் முதுமையை. இப்போது மஞ்சளாக இருக்கும் புதுக் கற்களும் கறுக்கும். கட்டியவர்களுக்கு இது தெரியும். ஒருநாள் எது பழையது, எது புதியது என்று யாராலும் சொல்ல முடியாமல் போகும்.

டிரெஸ்டனிலிருந்து ஆற்றின் ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் போனால் பாஸ்டை பாறைகள் வரும். ஆற்றிலிருந்து 190 மீட்டருக்கும் மேலே, தூண் தூணாக நிற்கும் மணற்பாறைகள். அவற்றின் நடுவே 1851-ல் கட்டிய ஒரு கல் பாலம். அந்தப் பாறைகளும் கறுப்பு. எங்காவது ஒரு துண்டு உடைந்து விழுந்திருந்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று மஞ்சளாகத் தெரிகிறது. அங்கே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. இந்தக் கல்லின் கணக்கில் வெளுப்புதான் காயம், கறுப்பு ஆறிய இடம். தேவாலயத்துச் சுவரை நாம் எல்லோரும் தலைகீழாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அங்கே இன்னும் ஆறாமல் இருப்பது புதுக் கல்தான்.

அப்படியானால் எல்லாம் கறுத்து முடிகிற நாள் நல்ல நாளா? ஆறிவிட்டது என்று மகிழ வேண்டிய நாளா, மறந்துவிட்டது என்று வருந்த வேண்டிய நாளா? லைப்சிக் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர் தத்துவவாதி நீட்சே. 1874-ல் அவர் வெளியிட்ட ஒரு கட்டுரை நேற்று என்பதே தெரியாமல் மேய்கிற மந்தையோடு தொடங்கும். கல்லூரிக் காலத்தில் படித்தது, பாதிதான் நினைவில் இருக்கிறது. மறக்கவே தெரியாதவனால் வாழ முடியாது என்று அவர் வாதிடுவது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அந்த வயதில் அது எனக்குப் பெரிய விடுதலையாகப் பட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டுச் சுவரில் ஒரு கோடு இருந்தது.

1992 நவம்பரில் தாமிரபரணியில் வந்த வெள்ளம் திருநெல்வேலிக்காரர்களுக்கு மறக்காது. ஆற்றை ஒட்டிய எங்கள் வீட்டுக்குள் என் தலைக்கு மேல் தண்ணீர் நின்றது. வடிந்த பிறகு பட்டாசல் சுவரைச் சுற்றி ஒரு செம்மண் கோடு. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்தவரிடம் ஆச்சி, "அந்தக் கோட்ட மட்டும் விட்டுருய்யா" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் அதேதான். சுவர் வெளுக்க வெளுக்க அந்த ஒரு சாண் பட்டை மட்டும் பழுப்பாகவே இருந்தது. ஏன் என்று ஆச்சி சொன்னதில்லை. விளக்கேற்றிவிட்டுத் திரும்பும்போது அதை ஒருதரம் பார்ப்பாள். அம்மாவுக்கோ அதைப் பார்த்தாலே அந்த ராத்திரி வந்துவிடும். மழைக்காலத்தில் அந்தப் பக்கம் முதுகைக் காட்டித்தான் உட்காருவாள். ஒரே கோடு, ஒரே வெள்ளம், ஒரே வீடு. ஒருத்திக்கு அது ஊன்றுகோல், இன்னொருத்திக்கு முள். ஆச்சி போன பிறகு வந்த பொங்கலில் அம்மா அதன்மேல் வெள்ளையடிக்கச் சொன்னாள். எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, வீட்டில் ஏதோ களவு போனது போலவும் இருந்தது.

எல்பே கரை ஊர்களில் வீட்டுச் சுவர்களிலேயே வெள்ளக் கோடுகளைப் பார்த்தேன். எந்த வருடம் எந்த உயரம் என்று வரிசையாகக் குறித்திருக்கிறார்கள். 2002 ஆகஸ்டில் ஆறு டிரெஸ்டனில் 9.40 மீட்டர் அளவுக்கு வந்தது. அந்தக் கோடுகளுக்கு முன்னால் யாரும் கலங்கி நிற்கவில்லை. தண்ணீர் மறுபடி வரும், அதனால் குறித்து வைக்கிறார்கள். பயன் உள்ள நினைவு எளிதாக இருக்கிறது. பயன் என்னவென்று சொல்ல முடியாத நினைவுதான் கனக்கிறது.

அதை என்ன செய்வது என்று ஜெர்மானியர்களும் ஒரே முடிவுக்கு வந்தவர்கள் அல்லர். பெர்லினில் கைசர் வில்லியம் நினைவு தேவாலயத்தின் உடைந்த கோபுரத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டத்தான் திட்டம் இருந்தது. மக்கள் விடவில்லை. உடைந்தது உடைந்தபடியே நிற்க, பக்கத்தில் 1961-ல் புதிய தேவாலயம் எழுந்தது. கொலோன் பேராலயத்தில் 1943-ல் குண்டு விழுந்து, வடக்குக் கோபுரத்தின் அடியில் பெரிய ஓட்டை. கோபுரம் சாய்ந்துவிடக் கூடாதென்று அவசர அவசரமாகச் செங்கல் வைத்து அடைத்தார்கள். கறுத்த கல்லுக்கு நடுவே அந்தச் செங்கல் ஒட்டு அரை நூற்றாண்டு அப்படியே இருந்தது. அதை விட்டுவைக்க வேண்டும் என்று சொன்னவர்களும் உண்டு. கடைசியில் 2005-க்குள் கல் வைத்து மூடிவிட்டார்கள். இன்று தெரியாதவர்கள் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பட்டவர்களே முடிவு செய்யட்டும் என்று ஒரு விதி வைத்துப் பார்த்தேன். ஆச்சி வைத்திருந்தாள், அம்மா அழித்தாள். இருவரும் பட்டவர்கள், இருவருக்கும் உரிமை உண்டு. டிரெஸ்டனில் இந்த விதி நிற்கவில்லை. ஃப்ராவென்கிர்ஷேவிலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் யூதர்களின் தொழுகைக்கூடம் வரும். 1840-ல் கட்டிய பழைய கூடத்தை 1938 நவம்பர் 9 இரவு நாஜிகள் எரித்தார்கள். வெளியிலிருந்து யாரும் விமானத்தில் வந்து அதைச் செய்யவில்லை. 2001-ல் புதிய கூடம் கட்டியபோது பழையதைப் போலச் செய்ய முயலவே இல்லை. சன்னலில்லாத, மெல்லத் திருகிய ஒரு கற்பெட்டி. வாசலுக்கு மேலே மட்டும் பழைய கூடத்தின் நட்சத்திரம். எரிந்த இரவில் ஒரு தீயணைப்பு வீரர் எடுத்து மறைத்து வைத்துக் காப்பாற்றியது அது. ஒரே ஊரில் ஓர் இழப்பைக் கல்லுக்குக் கல் திருப்பிக் கட்டினார்கள், இன்னொன்றைத் திருப்பிக் கட்ட முடியாது என்று ஒப்புக்கொண்டார்கள். காயம் பட்ட ஊரும் காயம் செய்த ஊரும் ஒன்றாக இருக்கும்போது, அழிக்கிற உரிமை யாருடையது?

வைத்திருப்பதிலும் ஆபத்து இருக்கிறது. டிரெஸ்டன் தாக்குதலில் இறந்தவர்கள் 2 லட்சம் என்று நாஜிகள் பரப்பினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் தீவிர வலதுசாரிகள் பிப்ரவரி 13-ல் பெரிய எண்ணிக்கைகளைச் சுமந்து ஊர்வலம் போனார்கள். நகரம் அமைத்த வரலாற்றறிஞர் குழு 2010-ல் அதிகபட்சம் 25,000 பேர் என்று முடிவு சொன்னது. 25,000 என்பதே தாங்க முடியாத எண். அது போதாது என்று நினைக்கிறவர்களுக்கு வேண்டியது துக்கம் இல்லை. பாதுகாத்த காயத்தை ஆயுதமாகத் தீட்டவும் முடியும் என்று தெரிந்த பிறகு, சுவர் கறுத்து ஒன்றாகட்டும் என்று தோன்றுகிறது. உடனே அந்தக் குழந்தை கையைத் திருப்பிப் பார்த்தது நினைவுக்கு வருகிறது. எல்லாக் கல்லும் ஒரே நிறமாக இருந்திருந்தால் அவள் எதையும் தொட்டிருக்க மாட்டாள், அப்பாவிடம் எதையும் கேட்டிருக்க மாட்டாள்.

அவர் ஏன் பதில் சொல்லவில்லை என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த வயதுக்கு எதைச் சொல்வது, எங்கிருந்து தொடங்குவது? 1945-லிருந்தா, 1938-லிருந்தா? எங்கே தொடங்குகிறோமோ அதைப் பொறுத்துக் கதையே மாறிவிடும்.

செய்தவர்கள் துடைக்கக் கூடாது. இதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பட்டவர் துடைத்தால் அதைக் கேட்க மற்றவர்களுக்கு உரிமை இல்லை, இதுவும் ஓரளவு தெளிவு. ஆனால் செய்தவரும் பட்டவரும் போய், காற்றும் மழையும் மட்டும் துடைக்க வரும்போது, பின்னால் வந்த நாம் குறுக்கே நின்று தடுக்க வேண்டுமா, வழிவிட வேண்டுமா? ஆச்சியின் பக்கம் நின்று பேசுகிற நாட்கள் எனக்கு உண்டு, அம்மாவின் பக்கம் நின்று பேசுகிற நாட்களும் உண்டு. இரண்டில் ஒன்றில் நிலைத்து நிற்க இதுவரை முடியவில்லை. முடிய வேண்டும் என்பதும் எனக்கு உறுதியாகத் தெரியவில்லை.