மறுப்பும் ஓர் உபசாரம்

பணம் கொடுத்து ஓரிடத்துக்குள் நுழைகிறவர், தம் விருப்பம் அங்கே நிறைவேறும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. கடையும் உணவகமும் விடுதியும் அந்த எதிர்பார்ப்பை நம்பியே நடக்கின்றன. ஆனால் அமெரிக்க நகரங்களில், கட்டணம் செலுத்தித் துப்பாக்கி சுடப் பழகும் உள்ளரங்கச் சுடுதளத்துக்குள் நுழைகிறவரை முதலில் எதிர்கொள்வது ஒரு விதிப்பலகை. அடையாள அட்டை காட்ட வேண்டும்; ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்; கண்ணாடியும் காதடைப்பானும் அணியாமல் உள்கதவைத் தாண்டக் கூடாது. துப்பாக்கிக் குழல் எப்போதும் இலக்கின் திசையையே நோக்கியிருக்க வேண்டும். அடுத்த தடத்தில் இருப்பவரின் இலக்கைச் சுடக் கூடாது. நாடி வந்தவரிடம் இத்தனை 'கூடாது' சொல்லும் இடம் அவருக்கு எப்படிச் சேவை செய்ய முடியும்? கட்டுப்பாடும் உபசாரமும் ஒரே கூரையின் கீழ் எப்படி இருக்க முடியும்? இந்தக் கேள்வி சுடுதளத்தோடு முடிவதில்லை. ஒருவர் கையில் ஒருவர் உயிரை ஒப்படைத்து வாழும் நம் எல்லோருக்கும் உரிய கேள்வி இது.

ஜெஃப் கூப்பர் 1976-ல் அரிசோனாவில் துப்பாக்கிப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கியவர். அவர் வகுத்த நான்கு பாதுகாப்பு விதிகள் இன்று பல சுடுதளங்களின் சுவர்களில் ஏதேனும் ஒரு வடிவில் இடம்பெற்றிருக்கின்றன. அவற்றில் முதலாவது, எல்லாத் துப்பாக்கிகளும் எப்போதும் தோட்டா நிரம்பியவையே என்பது. இது உண்மையல்ல என்று நமக்குத் தெரியும். சற்று முன்தான் தோட்டாக்களை எடுத்துவிட்டோம். தோட்டா அறையைத் திறந்து கண்ணால் பார்த்தும்விட்டோம். ஆயினும் விதி தன் சொல்லை மாற்றிக்கொள்வதில்லை. ஏனெனில் அது துப்பாக்கியைப் பற்றிப் பேசவில்லை. நம் அறிவைப் பற்றிப் பேசுகிறது. விபத்து நடந்த பிறகு மனிதர்கள் சொல்லும் வாக்கியம் எங்கும் ஒன்றுதான்: "காலியாக இருக்கிறது என்று நினைத்தேன்." அந்த நினைப்பை நம்ப வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறது விதி. தனக்கு நிச்சயமாகத் தெரிந்ததாகக் கருதுவதிலும் பிழை இருக்கலாம் என்று ஏற்றுக்கொள்ளும் பணிவை மனிதனின் நல்ல குணத்துக்கு விட்டுவிடாமல், அவன் கைப்பழக்கமாகவே ஆக்கிவிடுகிறது.

வாடிக்கையாளரின் விருப்பமே இறுதியானது என்று எண்ணினால் என்ன நேரும்? 2014 ஆகஸ்டில் அரிசோனாவின் ஒயிட் ஹில்ஸ் பகுதியில், சுற்றுலாப் பயணிகளுக்கான திறந்தவெளித் தளம் ஒன்றில் அது தெரிந்தது. விடுமுறைக்குப் பெற்றோருடன் வந்த ஒன்பது வயதுச் சிறுமியின் கையில் ஊஸி தானியங்கித் துப்பாக்கி கொடுக்கப்பட்டது. தொடர்ந்து வெடித்த துப்பாக்கியின் உதைப்பைச் சிறு கைகளால் தாங்க இயலவில்லை. குழல் மேலெழும்பித் திரும்பியது. அருகில் நின்று கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் உயிரிழந்தார். எட்டு வயது நிறைந்தவர் பெரியவர் துணையோடு சுடலாம் என்பதே அப்போது அந்தத் தளத்தின் விதி. ஆகவே அங்கே வயது விதி மீறப்படவில்லை. வந்தவரை மகிழ்விக்கும் ஆசைக்கு விதியே இடம் கொடுத்திருந்தது. ஒரு சொல்லில் மறுத்திருந்தால் ஒரு குடும்பம் ஏமாற்றத்தோடு ஊர் திரும்பியிருக்கும். மறுக்காததால் ஒரு மனிதர் வீடு திரும்பவில்லை. ஒரு குழந்தையின் வாழ்நாள் முழுவதும் அந்த நாள் நீண்டுவிட்டது.

மறுப்பு இன்னும் கடினமாகும் இடம் ஒன்று உண்டு. தனியாக வருகிறவருக்கு வாடகைத் துப்பாக்கி தருவதில்லை என்று பல சுடுதளங்கள் விதி வைத்திருக்கின்றன. சொந்தத் துப்பாக்கியோடு வரலாம். இல்லையேல் துணைக்கு ஒருவரை அழைத்து வர வேண்டும். முதல் பார்வைக்கு இது அவமதிப்பாகவே தோன்றும். நேர்மையானவரையும் சந்தேகிக்கும் விதியல்லவா இது? ஆனால் அதன் பின்னால் இருப்பது சந்தேகம் அன்று, துயரம். வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணத்தோடு சிலர் அந்தக் கதவைத் திறந்து வந்திருக்கிறார்கள் என்பதை அந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். துப்பாக்கி விற்கும் கடைகளும் இந்தத் துயரத்தை அறியும். 2009-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில், ஒருவரோடொருவர் தொடர்பற்ற மூவர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கிச் சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டனர். அதன்பின் அங்குள்ள துப்பாக்கி வணிகர்களும் பொதுச் சுகாதாரத் துறையினரும் ஒன்றாக அமர்ந்து, மனம் உடைந்து வருகிறவரை எப்படி அடையாளம் காண்பது, எப்படி மறுப்பது என்று வழிமுறை வகுத்தார்கள். தற்கொலை எண்ணத்தின் உச்சம் பெரும்பாலும் கடந்துபோகக் கூடியது. அந்த நேரத்தைத் தாண்டிப் பிழைத்தவர்களில் பெரும்பாலோர் பின்னர் தற்கொலையால் இறப்பதில்லை. அப்படியானால், 'துணையோடு வாருங்கள்' என்ற சொல் ஒருவருக்கு ஒரு நாளைக் கொடுக்கிறது. அந்த ஒரு நாள் ஒரு வாழ்வையே திரும்பக் கொடுக்கக் கூடும். எந்தத் தொழிலிலும் வாடிக்கையாளருக்கு இதைவிடப் பெரிய சேவை இருப்பதாகத் தெரியவில்லை.

விதி சரியாக இருந்தால் போதும், அதைச் சொல்லும் முறை எப்படி இருந்தால் என்ன என்று நாம் நினைக்கலாம். சுடுதளம் அந்த நினைப்பையும் திருத்துகிறது. துப்பாக்கி சிக்கிக்கொண்டால், முதன்முறை வந்தவர் செய்யும் மிக ஆபத்தான காரியம், அதைக் கையில் பிடித்தபடியே உதவி கேட்கத் திரும்புவது. அந்தக் கணத்தில் பாதுகாப்பு அலுவலர் கத்தத்தான் வேண்டும். காதடைப்பான்களைத் தாண்டிச் செல்ல வேறு வழியில்லை. கத்திய பிறகு என்ன நடக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அருகில் வந்து, குழலை இலக்கை நோக்கித் திருப்பி, ஏன் கத்தினேன் என்று பொறுமையாக விளக்குகிறவரிடம் வந்தவர் தம் அறியாமையைத் தயங்காமல் காட்டுவார். பிறர் முன்னால் அவமானப்படுத்தப்பட்டவரோ, அடுத்த முறை தெரியாததைத் தெரிந்ததுபோல் மறைப்பார். துப்பாக்கி கையில் இருக்கும்போது மறைக்கப்பட்ட அறியாமை பக்கத்துத் தடத்தில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. ஆகவே கனிவு இங்கே விதிக்கு மேல் பூசிய மெருகன்று. கனிவே பாதுகாப்பின் ஒரு பகுதி.

அதுபோலவே, விதி காப்பது வாடிக்கையாளரை மட்டுமல்ல. ஒவ்வொரு வெடிப்பிலும் தோட்டாவிலிருந்தும் அதன் எரியூட்டியிலிருந்தும் காரீயத் துகள் காற்றில் கலக்கிறது. சுடுகிறவரின் முதுகுப்புறத்திலிருந்து இலக்கை நோக்கிக் காற்றோட்டம் செல்லுமாறு அமைப்பதும், உள்ளே உண்ணக் கூடாது, வெளியேறும்போது கை கழுவ வேண்டும் என்பதும் அதனால்தான். வேலை செய்பவர் 8 மணி நேரம் சுவாசிக்கும் காற்றில், கன மீட்டருக்குச் சராசரியாக 50 மைக்ரோகிராமுக்கு மேல் காரீயம் இருக்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழிலகச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது. நாம் ஒரு மணி நேரம் இருந்துவிட்டுப் போகிற அறையில் நமக்குச் சேவை செய்பவர் நாள் முழுவதும் மூச்சு விடுகிறார்; அவர் உடையில் ஒட்டிய துகள் அவர் பிள்ளைகள் இருக்கும் வீடு வரை போகக் கூடும். நம் மகிழ்ச்சிக்கு இன்னொருவர் உடல் விலை கொடுக்கிறதா என்று கேட்காத வாடிக்கையாளர், எவ்வளவு பணம் கொடுத்தாலும் கடன்காரரே.

அந்த அறையில் ஒலிக்கும் சொற்களில் மிக உயர்ந்தது 'சீஸ் ஃபயர்', அதாவது 'சுடுவதை நிறுத்து'. அதைச் சொல்ல அலுவலராக இருக்க வேண்டியதில்லை. ஆபத்தைக் கண்ட எவரும், முதன்முறை வந்தவரும்கூட, உரக்கச் சொல்லலாம். கேட்ட அனைவரும் காரணம் கேளாமல் உடனே நிறுத்தி, துப்பாக்கியைக் கீழே வைத்து, பின்வாங்க வேண்டும். பலருக்குச் சுடக் கொடுத்த அதிகாரத்தை ஒருவர் குரல் நிறுத்திவிட முடியும் என்ற இந்த ஏற்பாட்டில், எவரும் முழுமையாகக் கண்டுவிட முடியாது என்பதும், ஆகவே ஒவ்வொருவரும் மற்றவருக்குக் கண்ணாக இருக்க வேண்டும் என்பதும், அறிவிலும் அனுபவத்திலும் ஏற்றத்தாழ்வு இருந்தாலும் உயிரைக் காக்கும் உரிமையில் யாரும் யாருக்கும் குறைந்தவரல்லர் என்பதும் அடங்கியிருக்கின்றன.

இங்கிருந்து நோக்கினால் நாம் தொடங்கிய முரண்பாடு மெல்லக் கரைகிறது. சுதந்திரம் என்பது தடையின்மை என்றும், சேவை என்பது இசைவு என்றும், விதி என்பது இவ்விரண்டுக்கும் பகை என்றும் நாம் பழகிவிட்டோம். ஆனால் அழிக்கும் ஆற்றல் ஒருவர் கைக்கு வரும் எந்த இடத்திலும், அது துப்பாக்கியாயினும் வாகனமாயினும் மருந்தாயினும் பதவியாயினும், அவர் விருப்பத்துக்கு இசைவதைவிட அவர் நலனுக்கும் அவர் அருகில் நிற்பவர் நலனுக்கும் பொறுப்பேற்பதே மேலான சேவையாகிறது. அந்தப் பொறுப்பு, நம் பெயரும் முகமும் அறியாத காலத்திலேயே, நாம் வருவோம் என்று எண்ணி யாரோ எழுதிவைத்த அக்கறையாக விதிப்பலகையில் காத்திருக்கிறது. அக்கறையில்லாத விதி அதிகாரமாகச் சுருங்கும். விதியில்லாத அக்கறை அலட்சியத்தில் முடியும். இரண்டும் சேர்ந்த இடத்தில்தான் அறிமுகமில்லாத மனிதர்கள் ஆயுதங்களோடு அருகருகே நின்றும் ஒருவரையொருவர் அஞ்சாமல் இருக்க முடிகிறது. நாகரிகம் என்று நாம் சொல்வதும் இதைத்தான்.

ஆகவே, நமக்கு 'முடியாது' என்று சொல்கிறவரைக் கோபிக்கும் முன், அந்தச் சொல் யாரைக் காக்கிறது என்று ஒரு கணம் கேட்போம். 'முடியாது' என்று நாம் சொல்ல நேரும்போது, கேட்பவர் தலை குனியாதபடி சொல்லப் பழகுவோம்.