கொள்வோர் அறம்

விற்போன் தராசைச் சாய்க்கலாகாது என்பது நம் பழைய வணிக அறம். காவிரிப்பூம்பட்டினத்து வணிகரின் நடுவுநிலை நெஞ்சைப் பட்டினப்பாலை போற்றுகிறது. அன்று தராசு விற்போன் கையில் இருந்தது. அறமும் அவனுக்கே மிகுதியாக உரைக்கப்பட்டது. இணையக் கடைகள் பெருகிவிட்ட இந்நாளில், அத்தராசின் ஒரு முனை வாங்குவோனின் விரல்நுனிக்கும் வந்துவிட்டது. ஆகவே, கொள்வோர்க்கும் ஓர் அறம் உண்டா என்னும் வினா எழுகிறது.

கடைத்தெருவில் வேடிக்கை பார்த்து நடப்பவனால் கடைக்காரனுக்கு ஆக்கமும் இல்லை, கேடும் இல்லை. இணையத்தில் அவ்வாறன்று. எந்தக் கடையை எந்த வழியாகத் திறந்தோம் என்பதும் அங்கே ஒரு கணக்காகிறது.

தில்லியில் வாழும் தமிழர் ஒருவர், சென்னையிலுள்ள சிறு பதிப்பகம் ஒன்றின் பெயரைத் தேடுபொறியில் இடுகிறார் எனக் கொள்வோம். அப்பெயர் திரையில் இருமுறை தோன்றக்கூடும்: மேலே விளம்பரமாக, கீழே இயல்பான விடையாக. இரண்டும் ஒரே வாயிலுக்கு இட்டுச் செல்வனவே. ஆயினும் மேலே உள்ளதைச் சொடுக்கினால், பெரும்பாலும் பதிப்பகம் தேடுபொறி நிறுவனத்திற்குக் கட்டணம் தர நேரும். நூல் விற்றாலும் விற்காவிடினும் அக்கட்டணம் உண்டு. கீழே உள்ளதைச் சொடுக்கினால் அச்செலவில்லை. தன் பெயருக்கே ஒரு கடை விளம்பரம் செய்வானேன் எனலாம். செய்யாவிடின், அவ்விடத்தில் போட்டிக் கடையின் விளம்பரம் வந்து நிற்கக்கூடும். எனவே, அன்பினால் தேடிச் சென்றவரே அறியாமையால் செலவு வைத்துவிடுகிறார். நல்லெண்ணம் மட்டும் நற்செயல் ஆகிவிடாது. விளைவை அறிதலும் வேண்டும் என்பதற்கு இதனினும் எளிய சான்று வேண்டுமோ?

இதனை அறிந்தபின், நாம் விரும்பாத பெருங்கடையின் விளம்பரத்தைப் பன்முறை சொடுக்கி இழப்பு உண்டாக்கலாமே என்று சிலர் எண்ணக்கூடும். அது வஞ்சகம். எளியவன்பால் பரிவு, வலியவன்பால் பொய்யொழுக்கத்திற்கு உரிமை தாராது.

எனினும், விரலின் ஆற்றலை மிகைப்படுத்தலும் ஆகாது. பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் தன் சேவையை முகப்பில் நிறுத்திப் போட்டியாளரைப் பின்னுக்குத் தள்ளியதாக, ஐரோப்பிய ஆணையம் 2017-இல் கூகுள் நிறுவனத்திற்கு 242 கோடி யூரோ தண்டம் விதித்தது. ஐரோப்பிய நீதிமன்றம் 2024-இல் அதனை உறுதி செய்தது. கணினித் திரையில் முதல் விடை ஏறத்தாழ நூற்றுக்கு 35 சொடுக்குகளைப் பெறுகிறது. இரண்டாம் பக்கத்தின் முதல் விடையோ ஏறத்தாழ ஒன்றையே பெறுகிறது என ஆணையம் அப்போது சுட்டிக்காட்டியது. நம் நாட்டிலும், அமேசான், ஃபிளிப்கார்ட் ஆகியவை சில விற்பனையாளர்க்கு முன்னுரிமை தருவதாக எழுந்த முறையீட்டின்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2020-இல் விசாரணைக்கு ஆணையிட்டது.

வரிசையை அமைப்பவனே வணிகத்தை ஆள்கிறான் எனில், தனியொருவர் தேர்வு என்ன பயன் தரும்? வரிசையை நேராக்குதல் சட்டத்தின் கடன் என்பதில் ஐயமில்லை. அக்கடனைக் குடும்பத்தலைவியின் தலையில் ஏற்றுதல் முறையன்று. ஆயினும் சட்டம் செய்ய இயலாத ஒன்று உண்டு. நமக்காக அடுத்த விடையைத் திறந்து பார்க்க அதனால் இயலாது. நூற்றுக்கு 35 என்னும் அத்தொகையும் தனித்தனி விரல்கள் கூடி உண்டாக்கியதே அன்றோ?

வெளிமாநிலங்களில் வாழும் நமக்கு இது வெறும் வாணிகச் செய்தியன்று. நம் குழந்தைகளுக்குரிய தமிழ் நூல் அண்டைக் கடையில் கிடைப்பது அரிது; இணையமே வழி. பெருங்கடை வழியே வாங்கினால் விலையில் ஒரு பங்கு அதன் கட்டணமாகக் கழியும்; பதிப்பகத்திடம் நேரே வாங்கினால் அப்பங்கு அடுத்த நூலை அச்சிட உதவும். வருவாய் குறைந்தோர் மலிவான இடத்தை நாடுதல் குற்றமன்று, சிக்கனமும் அறமே. ஆனால் விலை ஒத்திருக்கும்போதும் பழக்கத்தால் முதல் வரியையே தொடுதல் சிக்கனமன்று, சோம்பலே.

ஆதலின், வாங்குமுன் ஒரு கணம் நின்று, இது விளம்பரமா, விடையா என்று நோக்குவோம். விற்பவரின் சொந்த வாயில் உண்டா என்று தேடுவோம். அதனால் பெருங்கடை வீழ்ந்துவிடாது. சிறு கடை ஒன்று இன்னும் ஓராண்டு நிலைத்திருக்கலாம். அவ்வளவு பயன் போதும்.