யார் பணம் கொடுப்பது?



கர்த்தர் பிறந்த திருநாள் கிட்டிவிட்டது. குடில் கட்டுவதற்கு மூங்கிலும் வைக்கோலும் கோயில் வளாகத்தில் வந்து இறங்கியிருக்கின்றன. வீடுகளில் வெள்ளையடிப்பு நடக்கிறது. அதிரசத்துக்கு மாவரைக்க மில்லில் பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த ஆகமன காலத்தில் ஞான காரியங்களைப் பற்றி எழுதுவதே இப்பக்கத்தின் வழக்கம். நானோ இன்று சாப்பாட்டைப் பற்றி, அதுவும் ஹோட்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதப் போகிறேன். முகம் சுளிக்காமல் கொஞ்சம் பொறுத்து வாசியுங்கள்.

சில நாட்களுக்கு முன் ஒரு வாலிபன் அறைவீட்டுக்கு வந்து ஒரு கேள்வி கேட்டான். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதல்ல. திண்ணையில் உட்கார்ந்து கேட்டது. எழுதிக்கொள்ள அனுமதியும் கொடுத்தான். அடையாளங்களைச் சிறிது மாற்றியிருக்கிறேன். ஆகையால் யாரும் யாரையும் தேட வேண்டாம். அவனும் இன்னும் நான்கு பேரும் பள்ளிக்கூட நாள் முதல் சிநேகிதர்கள். மூவர் நம்மவர், ஒருவன் இந்து, ஒருவன் முஸ்லிம். வருஷந்தோறும் டிசம்பர் 25-ம் தேதி இரவு ஐவரும் டவுனில் ஒரு ஹோட்டலுக்குப் போய்ச் சாப்பிடுவார்கள். பில் வந்ததும் அதை ஐந்தாக வகுத்து, அவரவர் பங்கை அங்கேயே கைபேசியில் அனுப்பிவிடுவார்கள். இரண்டு வருஷமாக அவர்களில் ஒருவன் வருவதில்லை. முதல் வருஷம் காய்ச்சல் என்றான். மறு வருஷம் உறவினர் வீட்டுக்குப் போகிறேன் என்றான். உண்மை என்னவென்று எல்லாருக்கும் தெரியும். அவன் தகப்பனார் படுக்கையில் விழுந்துவிட்டார்; வருமானம் மருந்துக்கே போய்விடுகிறது.

“அவன் பங்கை நாங்களே கொடுத்துடலாம், ஃபாதர். ஆனா அதைச் சொன்னா அவன் மனசு நோகும். சொல்லாட்டி வரமாட்டான். அவனை விட்டுட்டு நாங்க நாலு பேரும் போறது பாவமா?” என்றான்.

“பாவமில்லை, தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்றிரவு செபத்துக்குப் பின்தான், அவன் கேட்ட கேள்விக்கு நான் பதிலே சொல்லவில்லை என்பது எனக்கு உறைத்தது. பாவமில்லை என்பதை அவனும் அறிவான். பாவமில்லாத ஒன்று ஏன் மனத்தை உறுத்துகிறது என்பதே அவன் கேள்வி.

முதலில் ஒரு தப்பெண்ணத்தை விலக்கிவிடுகிறேன். திருநாளில் நன்றாகச் சாப்பிடுவது பக்திக் குறைவு என்று எண்ணுகிறவர்கள் நம்மில் உண்டு. திருச்சபை அப்படிக் கற்பித்ததில்லை. 1917-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் விதித்திருந்தது உண்மைதான். 1966-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் தபசின் சட்டங்களைத் திருத்தும் வரையில் அந்த ஏற்பாடு இருந்தது. ஆனால் அந்த ஒருசந்தியே மறுநாளை உத்தேசித்துத்தான். பட்டினியை அறியாதவனுக்குப் பண்டிகையும் தெரியாது. ஒரு வருஷம் கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தபோது, இறைச்சி சாப்பிடலாமா என்று ஒரு சகோதரர் அசீசியாரான அர்ச். பிராஞ்சிஸ்குவிடம் கேட்டாராம். பிள்ளை பிறந்த நாளை வெள்ளிக்கிழமை என்று பெயரிட்டு அழைப்பதே தவறு என்றும், அன்று சுவர்கள்கூட இறைச்சி சாப்பிட வேண்டும் என்றும், அவற்றால் சாப்பிட முடியாவிட்டால் மேலேயாவது தடவிவிட வேண்டும் என்றும் அந்த ஐந்துகாயப் புனிதர் சொன்னதாக அவருடைய சரித்திரத்தை எழுதிய செலானோ தோமாஸ் குறித்திருக்கிறார். அன்று ஏழைகளுக்குப் பணக்காரர் வயிறாரப் போட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகம் புல் வைக்க வேண்டும் என்றும் அவர் விரும்பினாராம். அர்ச். தோமாஸ் அக்குவீனாசோ, அளவுக்கு மீறிய கேளிக்கையை மட்டுமல்ல, சிரிக்கவே தெரியாத கடுமையையும் குற்றத்தில் சேர்க்கிறார். குடியைப் பற்றி இங்கே எழுதவில்லை. அதை வருஷம் முழுவதும் பிரசங்கத்தில் கேட்கிறீர்கள்.

ஆகவே சாப்பிடுவதில் தவறில்லை. சிநேகிதரோடு சாப்பிடுவதிலும் தவறில்லை. ஒன்றாக உப்புத் தின்னாமல் ஒருவரையொருவர் அறிய முடியாது என்ற பழமொழியை அரிஸ்தோத்தில் தம் ஒழுக்க நூலில் எடுத்துக்காட்டுகிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்று நம் பாட்டிமார் சொன்னதும் அதே உப்புத்தான். சிக்கல் எல்லாம் பில் வந்த பிறகுதான் தொடங்குகிறது.

ஐந்தாக வகுப்பது நீதியல்லவா என்று கேட்பீர்கள். ஆம், ஒருவகை நீதிதான். வாங்கினவன் வாங்கினதற்குச் சரியாகக் கொடுப்பது வியாபார நீதி. பஸ்ஸில் சேர்ந்து போகிறவர்களுக்கும், ஆபீஸில் சேர்ந்து டீ குடிக்கிறவர்களுக்கும் அது போதும். அங்கே அதுவே மரியாதையும்கூட. ஆனால் அந்த நீதிக்கு ஒரு குணம் உண்டு. கணக்குத் தீர்ந்ததும் ஒருவருக்கொருவர் ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து போய்விடலாம். திருநாள் மேசையிலிருந்து அப்படி எழுந்து போகலாமா? தவிரவும், அந்தச் சமபங்கு எல்லாருக்கும் சமமாகக் கனப்பதில்லை. ஒருவனுக்கு ஒருவேளைச் சாப்பாட்டின் விலை. மற்றவனுக்குத் தகப்பனாரின் ஒருவார மருந்து.

ஆதித் திருச்சபையிலும் இந்தத் தொல்லை இருந்தது. கொரிந்து பட்டணத்து விசுவாசிகள் கர்த்தருடைய விருந்துக்கென்று கூடிவந்து, அவரவர் கொண்டுவந்ததை அவரவரே முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் வெறித்திருந்தான். அவர்கள் யாருடையதையும் திருடவில்லை, தங்களுடையதைத்தான் சாப்பிட்டார்கள். அப்படியிருந்தும் அர்ச். சின்னப்பர், இல்லாதவர்களை அவர்கள் வெட்கப்படுத்துவதாகக் கடிந்துகொண்டார். அவர் கண்ட குற்றம் களவல்ல, பிறனை வெட்கப்படுத்தியது என்பதைக் கவனியுங்கள்.

இனி, அர்ச். லூக்காஸ் சுவிசேஷத்தின் 14-ம் அதிகாரம். விருந்து செய்தால் சிநேகிதரையும் சகோதரரையும் பணக்கார அயலாரையும் அழைக்காதே, அவர்கள் உன்னைத் திரும்ப அழைத்துவிடுவார்கள்; ஏழைகளையும் ஊனரையும் அழை, அவர்களால் திருப்பிச் செய்ய முடியாது என்ற கருத்தைச் சேசுநாதர் அங்கே போதிக்கிறார். தம்மை விருந்துக்கு அழைத்தவனிடமே, அவன் வீட்டில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறார்! அப்படியானால் சிநேகிதரோடு சாப்பிடக் கூடாதா? அது பொருளாயிருக்க முடியாது. பெத்தானியாவில் லாசரோடும் அவன் சகோதரிகளோடும் அவரே பந்தியிருந்தார். அவர் தடுத்தது சிநேகிதரையல்ல, திரும்பி வரும் என்று எண்ணி இலை போடுவதை.

இந்த அதிகாரம் மற்றப் பாஷைக்காரரைவிட நமக்கு எளிதாக விளங்க வேண்டும். விருந்து என்ற சொல்லுக்கு முதற்பொருள் சாப்பாடு அல்ல, புதுமை. அதிலிருந்து புதிதாய் வந்தவரைக் குறித்தது. பிறகுதான் அவருக்கு இடும் உணவுக்கு ஆயிற்று. திருக்குறளின் 43-ம் குறள், இல்லறத்தான் பேண வேண்டிய ஐவரை எண்ணுகையில், விருந்து வேறு, ஒக்கல் வேறு என்று பிரித்தே வைக்கிறது. உறவும் நட்பும் சேர்ந்து சாப்பிடுவதற்கு நாம் இப்போது விருந்து என்று பெயர் வைத்திருக்கிறோம். பழந்தமிழன் கேட்டால், இதில் விருந்தினர் எங்கே என்பான். அந்த ஐவரைப் பற்றி யோசித்தபோது எனக்கு இது தோன்றியது: ஐந்தாவது பையன் வறுமையில் விழுந்த நாளிலேயே தன் பழைய சிநேகிதருக்கு விருந்தாகிவிட்டான். அவனை இனி புதிதாக அழைக்க வேண்டும்.

எப்படி அழைப்பது? அவன் பங்கைக் கொடுத்துவிடுவதா? இங்கே என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

1996-ம் ஆண்டு, நான் பிளஸ் டூ படித்த வருஷம். கிறிஸ்துமஸ் மறுநாள் சிநேகிதர் ஆறு பேர் பரோட்டாக் கடைக்குப் போனோம். என் பையில் எட்டு ரூபாய் இருந்தது. இரண்டு பரோட்டா, வெறும் சால்னா என்று மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மற்றவர்கள் கோழி வறுவலும் முட்டையும் சொன்னார்கள், இலைகள் நிறைந்தன, எனக்கும் வைத்தார்கள். கடைசியில் ஆளுக்கு இருபத்திரண்டு ரூபாய் என்றான் ஒருவன். என் முகத்தைப் பார்த்த பக்கத்துச் சிநேகிதன், ஒன்றும் பேசாமல் எனக்கும் சேர்த்து வைத்துவிட்டான். வேறு யாரும் கவனிக்கவில்லை. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிந்ததும் அம்மா அஞ்சறைப் பெட்டியின் அடியில் வைத்திருந்த பணத்தைக் கெஞ்சி வாங்கி, காலைப் பூசைக்கு முன் கோயில் வாசலில் அவன் கையில் திணித்தேன். “சரியா இருக்கா, எண்ணிக்கோ” என்றும் சொன்னேன். அவன் முகம் வாடிப்போயிற்று. எண்ணாமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டான். என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டதாக நான் நினைத்தேன். அதற்குப் பிறகும் நாங்கள் பேசிக்கொண்டோம். ஆனால் பழைய மாதிரி அல்ல.

குருமடத்தில் சில வருஷங்கள் கழித்து, அர்ச். தோமாஸ் நன்றியறிதலைப் பற்றி எழுதிய பகுதியைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உபகாரத்தை உடனே திருப்பிவிட அவசரப்படுகிறவனுக்கு இருப்பது நன்றியுள்ளவன் மனமல்ல, கடன்காரன் மனம் என்று செனேக்காவை மேற்கோள் காட்டிச் சொல்கிறார் அவர். கடனை உரிய காலத்தில் தீர்க்காதது அநீதி. உபகாரத்தை உடனே தீர்ப்பதோ, எனக்கும் உனக்கும் இனி ஒன்றுமில்லை என்பதற்குச் சமம். நம் வீட்டுப் பெண்கள் இதை எந்தச் சாஸ்திரமும் படிக்காமல் அறிந்திருக்கிறார்கள். தீபாவளிக்கு எதிர்வீட்டிலிருந்து பட்சணத் தட்டு வந்தால், அன்று மாலையே பதிலுக்குப் பட்சணம் செய்து கொடுப்பார்களா? தட்டை வெறுமையாய் அனுப்பக் கூடாதென்று ஒருபிடி சர்க்கரை போட்டு அனுப்புவார்கள். பதில் தட்டு கிறிஸ்துமஸுக்குத்தான் போகும். நடுவே இருக்கிற அந்த நாட்களில்தான் அயலுறவு வளருகிறது.

ஆனால் நான் ஏன் அன்று அப்படி அவசரப்பட்டேன்? திமிர் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. அவனுக்கு என்றைக்காவது நான் ஏதாவது கொடுக்க முடியும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. எப்போதும் வாங்குகிறவனாகவே இருக்கப் பயம். வறுமையில் இருக்கிறவனைப் பணமில்லாமை வாட்டுகிறதைவிட, தன்னிடம் பெற்றுக்கொள்ள யாரும் வருவதில்லை என்பது அதிகமாய் வாட்டும். அவனுக்குக் கொடுக்க நூறு பேர் வரலாம். அவன் கையால் ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடிக்க யார் வருகிறார்கள்? சேசுநாதர் சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். சக்கேயுவின் வீட்டுக்குத் தம்மைத் தாமே அழைத்துக்கொண்டார். எல்லாம் கொடுக்க வந்தவர், மாட்டுக் கொட்டிலும் முன்னணையும் இரவலாக வாங்கித்தான் இவ்வுலகில் கால் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் பின் அந்த வாலிபனைக் கூப்பிட்டேன்.

“உன் சிநேகிதன் வீட்டுக்கு இருபத்தைந்தாம் தேதி சாயந்தரம் போ. அவன் அம்மாகிட்ட சாப்பாடு கேள்” என்றேன்.

சிரித்துவிட்டான். “அவங்க வீட்ல கறி எடுத்திருக்க மாட்டாங்க, ஃபாதர்.”

“ரசம் இருக்குமா?”

“இருக்கும்.”

நால்வரும் ஒரேயடியாகப் போய் இறங்க வேண்டாம், இருவர் போதும் என்று சொன்னேன். மருந்துக்குக் கடன் வாங்குகிற வீட்டில் நான்கு வாலிபர்களின் பசி விளையாட்டல்ல. ஒரு சீப்புப் பழம் கொண்டு போகலாம். அது தர்மமல்ல, வீட்டுக்குப் போகிறவர்கள் மரியாதை. கறி வாங்கிக்கொண்டு மட்டும் போக வேண்டாம் என்றேன். தகப்பனாரின் வைத்தியத்துக்கு உதவி செய்ய வேண்டியது வேறு காரியம். அதற்கு வின்சென்ட் தே பவுல் சபையார் இருக்கிறார்கள், நானும் இருக்கிறேன். அதைப் பண்டிகையோடு கலக்கக் கூடாது. இரவு ஹோட்டலுக்குப் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. போனால், பரிமாறுகிற பையனுக்கும் அன்று கிறிஸ்துமஸாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னேன்.

என் பழைய சிநேகிதன் இப்போது வேறு ஊரில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறான். போன தை மாதம் ஒரு கலியாணப் பூசைக்காக அந்தப் பக்கம் போனவன், முன்னறிவிப்பில்லாமல் கடைக்குள் நுழைந்தேன். “வாங்க ஃபாதர்” என்று எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டான். குடும்பம், பிள்ளைகள், வியாபாரம் என்று மரியாதையாகவே பேசிக்கொண்டிருந்தோம். பிறகு, “எனக்குப் பசிக்குதுடா” என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். “உட்காரு, வர்றேன்” என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு அவனே தெருவில் இறங்கிப் போனான். பரோட்டாவும் கோழி வறுவலும் பொட்டலமாக வந்தன. கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் பேப்பர் விரித்துச் சாப்பிட்டோம். என் பையில் பணம் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை.